வச்சுப் பேசுவதா, கவுன்சிலிங் போவதா?

நதிக்கரை வீடு (அம்பாசமுத்திரம்):

எல்லாருக்கும் வணக்கம். எனக்கும் வீட்டுக்காரருக்கும் நடுவில் அடிதடி, குடி, வேறு தொடர்பு என்று எதுவும் இல்லை. பேச்சுதான் நின்றுபோய்விட்டது. நான் ஏதாவது கேட்டால் அவர் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவார். நான் பின்னாலேயே போய்க் கேட்பேன். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவார். மறுநாள் "பையனுக்கு ஃபீஸ் கட்டியாச்சா" என்ற அளவில்தான் பேச்சு. ஆரம்பம் எப்போதும் பணம். அவர் அம்மாவுக்கு என்னிடம் சொல்லாமல் கொடுப்பது, அடகுக்குப் போன என் வளையல், இப்படி ஏதாவது.

எங்களுடையது சொந்தத்துக்குள் கல்யாணம். மாமியார் என் அப்பா கூடப் பிறந்த அத்தை. "பெரியவங்கள வச்சுப் பேசிருவோம்" என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். என் தரப்பில் உட்கார வேண்டியவர் அப்பா. என் வீட்டுக்காரருக்குத் தாய்மாமனும் அவர்தான். மகளுக்காகத் தங்கச்சியை எதிர்த்துப் பேசுவாரா, தங்கச்சிக்காக மகளை அடக்குவாரா?

கூடப் படித்தவள் ஒருத்தி பாளையங்கோட்டையில் கவுன்சிலிங் போகச் சொல்கிறாள். உள்ளே என்னதான் செய்வார்கள்? புத்திமதி சொல்வார்களா? யார் மேல் தப்பு என்று தீர்ப்புச் சொல்வார்களா? போய் வந்தவர்களும் அந்த வேலையில் இருப்பவர்களும் கொஞ்சம் விளக்கமாகச் சொன்னால் நல்லது.

பேட்டை அண்ணாச்சி:

தங்கச்சி, நான் பணி ஓய்வு பெற்றவன். எங்கள் தெருவிலும் சொந்தத்திலும் பல வீட்டுப் பேச்சுக்கு உட்கார்ந்திருக்கிறேன். நாலு பெரிய மனிதர் முன்னால் ஒருத்தன் "சரி, இனிமே இப்படி நடக்காது" என்று ஒத்துக்கொண்டால் அதற்கு ஒரு கட்டு உண்டு. மீறினால் அவன் வீட்டு விசேஷத்துக்கு ஆள் வராது. அந்தப் பயம் அவனைப் பிடித்து வைக்கும். காசு வாங்கிக்கொண்டு ஒரு மணிநேரம் தலையாட்டுகிறவருக்கு அந்தப் பிடி உண்டா? வெளி ஆளிடம் வீட்டுக் கதையைச் சொல்ல எந்தப் புருஷன் வருவான்? உங்கள் அப்பா ஒதுங்கிக்கொள்ளட்டும். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு ஆள் இல்லாமலா போவார்?

நதிக்கரை வீடு:

அண்ணாச்சி, எங்கள் குடும்பத்தில் இரண்டு பக்கமும் சேராத ஆள் என்றால் தபால்காரர்தான்.

மனநலம் பாளை:

நான் பாளையங்கோட்டையில் மருத்துவ உளவியலாளராக இருக்கிறேன். தம்பதிகளைப் பார்ப்பது என் வேலையில் பெரும்பகுதி.

அண்ணாச்சி சொல்லும் பிடி எங்களுக்குக் கிடையாது, உண்மை. வளையலை யார் மீட்பது, எந்த மாதத்துக்குள் மீட்பது என்று முடிவு கட்டுவதென்றால் சபை எங்களைவிட நன்றாகவே செய்யும். ஆனால் சபையில் ஒருத்தர் ஜெயித்தாக வேண்டும். ஜெயித்தவரும் தோற்றவரும் அன்றைக்கு ராத்திரி ஒரே வீட்டுக்குத்தான் திரும்புகிறார்கள்.

எங்கள் அறையில் தீர்ப்பு கிடையாது. முதல் தடவை இரண்டு பேரையும் சேர்த்துப் பார்ப்போம். எப்படி அறிமுகமானீர்கள், ஆரம்பத்தில் எப்படி இருந்தது, எப்போதிருந்து இந்த மாற்றம் என்று கேட்போம். அடுத்து ஆளுக்கு ஒரு தடவை தனியாக. அப்புறம் மறுபடி இரண்டு பேரையும் உட்காரவைத்து, "உங்கள் சண்டை இப்படித்தான் ஓடுகிறது என்று எனக்குப் படுகிறது, சரியா? இன்னின்ன செய்து பார்க்கலாம், உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்போம். அதுவரைக்கும் வைத்தியமே ஆரம்பிக்கவில்லை என்றுதான் அர்த்தம். தனியாகச் சொல்லும் ரகசியத்தை என்ன செய்வேன் என்பதை முதல் நாளே சொல்லிவிடுவேன். இதை முன்கூட்டிச் சொல்லாத ஆலோசகரிடம் நீங்களே கேட்டுவிடுங்கள்.

நீங்கள் எழுதியதில் எனக்குக் கண்ணில் பட்டது பணம் இல்லை, மாடி. நீங்கள் கேட்கிறீர்கள், அவர் நகர்கிறார். நகர்வதால் நீங்கள் இன்னும் கேட்கிறீர்கள், கேட்பதால் அவர் இன்னும் நகர்கிறார். எங்களிடம் வரும் ஜோடிகளில் இது சர்வசாதாரணம். கனடாவில் சூ ஜான்சனும் லெஸ்லி கிரீன்பெர்க்கும் 1980களில் உருவாக்கிய, உணர்ச்சிகளை மையமாக வைக்கும் இ.எஃப்.டி. (Emotionally Focused Therapy) என்ற முறை இந்தச் சுழலைத்தான் நேராகப் பிடிக்கிறது. குழந்தைக்கும் தாய்க்கும் உள்ள பற்றுதல் பற்றி ஜான் பௌல்பி என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் சொன்னதைக் கணவன் மனைவிக்கும் பொருத்திப் பார்த்து வளர்த்தது.

உள்ளே நான் செய்வது பெரும்பாலும் வேகத்தைக் குறைப்பது. போன வாரச் சண்டையை எடுத்துக்கொள்வோம். "அவர் படியேறும் சத்தம் கேட்டபோது உங்களுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்பேன். "கோவம் வந்துச்சு" என்பார்கள். அதற்கு முந்திய நொடியில்? அங்கேதான் பலருக்கும் கண் கலங்கும். "இவருக்கு நான் வேண்டாமோன்னு தோணுச்சு." அந்தப் பக்கம் அவரைக் கேட்டால், "நான் எதைச் சொன்னாலும் தப்பாத்தான் முடியும், அதான் எந்திரிச்சுப் போயிருதேன்" என்பார். அலட்சியம் என்று இவர் நினைத்தது அவருக்குத் திக்குமுக்காடல். சண்டைக்காரி என்று அவர் நினைத்தது இவருக்குப் பயம். இதை என்னிடம் சொல்வது போதாது. திரும்பி உட்கார்ந்து, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த இடத்துக்குக் கொண்டுபோவதில்தான் என் பாடு முழுக்க இருக்கிறது. பொதுவாக 8 முதல் 20 அமர்வு வரை ஆகும். ஒரு தடவை வந்து "சொல்லித் திருத்தி அனுப்புங்க மேடம்" என்று ஆளை விட்டுப்போவது இதில் நடக்காது.

வள்ளியூரான்:

நானும் வீட்டுக்காரியும் போயிருக்கிறோம். எங்களுக்குக் கொடுத்தது வேறு பயிற்சி. ஒரு அட்டை இருக்கும், அதைக் கையில் வைத்திருப்பவர்தான் பேசலாம். மற்றவர் கேட்டுவிட்டு "நீ சொன்னது இதுதானே" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். பதில் சொல்லக் கூடாது. கிளிப்பிள்ளை மாதிரி. வீட்டில் செய்து பார்த்தபோது அம்மா எட்டிப் பார்த்து, "ரெண்டு பேருக்கும் கோட்டி புடிச்சிருச்சா?" என்றாள்.

ஆனால் ஒன்று. அவள் சொன்னதை நான் திருப்பிச் சொன்னால் "நான் சொன்னது அது இல்ல" என்பாள். மறுபடி சொல்வேன், மறுபடியும் இல்லை என்பாள். பிறந்த வீட்டுக்கு அடிக்கடி போவதைப் பற்றி என்று தொடங்கிய பேச்சு, திரும்பி வரும் அன்று எங்கள் வீட்டில் யாரும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பதில் போய் நின்றது. அட்டை இல்லாமல் பேசியிருந்தால் அதுவரைக்கும் போயிருக்க மாட்டோம்.

மனநலம் பாளை:

தம்பி சொல்வது பேசுபவர்–கேட்பவர் பயிற்சி. அமெரிக்காவில் டென்வரில் ஹோவர்ட் மார்க்மனும் ஸ்காட் ஸ்டான்லியும் கல்யாணத்துக்கு முந்திய ஜோடிகளுக்கு நடத்திய வகுப்பில் இது முக்கியமான பாடம். இதன் மேல் ஒரு சர்ச்சையும் உண்டு. ஜான் காட்மன் என்ற அமெரிக்க உளவியலாளரின் குழு 130 புதுமணத் தம்பதிகளைச் சில வருஷம் தொடர்ந்து பார்த்து 1998இல் எழுதிய கட்டுரையில், சந்தோஷமாக இருக்கும் ஜோடிகள்கூடச் சண்டையின் நடுவில் இப்படித் திருப்பிச் சொல்வதில்லை என்றார்கள். அதைவிடப் பேச்சை எவ்வளவு மென்மையாகத் தொடங்குகிறார்கள், மனைவி சொல்வதைக் கணவன் எவ்வளவு காதில் வாங்குகிறான், சூட்டை யார் தணிக்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம் காட்டியதாம். மார்க்மன் தரப்பு அதை ஒத்துக்கொள்ளவில்லை. என்னைக் கேட்டால், அட்டை அன்றாடப் பேச்சுக்கு ஆகாது. கொதித்துப்போன ஒரு விஷயத்தை ஒரு தடவை முழுசாகக் கேட்டு முடிக்க உதவும். தம்பிக்கு நடந்தது அதுதான்.

காட்மன் சொன்ன நாலு கெட்ட பழக்கங்களை இணையத்தில் எல்லாரும் பகிர்கிறார்கள். செய்ததை விட்டுவிட்டு ஆளையே குறை சொல்வது, இளக்காரம், உடனே எதிர்வாதம் போட்டுத் தற்காத்துக்கொள்வது, வாயைக் கட்டிக்கொண்டு விலகுவது. நாலிலும் இளக்காரம்தான் மோசம். "ஆமா, ஒங்க அம்மா பெத்த பெரிய புத்திசாலி" என்று ஒரு வார்த்தை விழுந்தால் அதற்குப் பிறகு பேசியது எதுவும் ஏறாது.

அம்பாசமுத்திரம் தங்கச்சிக்கு நேராகப் பயன்படுவது தொடங்கும் விதம். "ஒரு நாளாவது எங்கிட்ட சொல்லிச் செஞ்சிருக்கீங்களா?" என்று தொடங்கினால் அவர் மாடிப்படியில் கால் வைத்துவிடுவார். "அத்தைக்குப் பணம் கொடுத்தது எனக்கு வேற ஆள் சொல்லித்தான் தெரிஞ்சது. சங்கடமா இருந்துச்சு. அடுத்த தடவை முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிருங்க." கேட்பது அதேதான். ஒரு சம்பவம், அதில் உங்களுக்கு என்ன ஆச்சு, இனி என்ன வேண்டும், அதோடு நிறுத்திவிட வேண்டும். பழைய கணக்கை இழுக்காமல் நிறுத்துவதுதான் கஷ்டம்.

அவருக்கும் ஒரு பாடம் இருக்கிறது. நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு 100ஐத் தாண்டிவிட்டால் காது கேட்கும், மண்டையில் ஏறாது. உடம்பு தணிய 20 நிமிஷமாவது வேண்டும். ஆகவே எழுந்து போவது தப்பில்லை. எப்போது வருவேன் என்று சொல்லாமல் போவதுதான் கெடுக்கிறது. "அரை மணியில வாரேன், வந்து பேசுவோம்" என்று சொல்லிப் போய், சொன்னபடி வந்து உட்கார வேண்டும். அந்த நேரம் நீங்கள் பின்னாலேயே போகக் கூடாது. இந்த ஒரு ஒப்பந்தத்தை மட்டும் பல ஜோடிகளுக்கு முதல் வாரமே கொடுத்துவிடுவேன்.

கேள்விக்குறி (பெருமாள்புரம்):

காட்மன் விவாகரத்தை 90 சதவீதத்துக்கு மேல் சரியாகக் கணித்தார் என்று வீடியோவுக்கு வீடியோ சொல்கிறார்கள். அந்தச் சூத்திரத்தை முடிவு தெரிந்த பிறகு அதே ஜோடிகளின் தகவலை வைத்தே பொருத்தினார்கள் என்பது பழைய விமர்சனம். புது ஜோடிகள் மேல் வைத்துச் சோதிக்காதவரை அது கணிப்பே இல்லை. அதை விடுங்கள். கவுன்சிலிங் போனால் எத்தனை பேருக்குச் சரியாகும்? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள் மேடம்.

மனநலம் பாளை:

விமர்சனம் நியாயமானது. அதனால்தான் அந்த எண்ணை நான் எழுதவில்லை.

எத்தனை பேருக்கு என்றால், எனக்குத் தெரிந்த நல்ல ஆய்வு ஆண்ட்ரூ கிறிஸ்டென்சனும் நீல் ஜேக்கப்சனும் தொடங்கியது. லாஸ் ஏஞ்சலஸிலும் சியாட்டிலிலுமாக 134 ஜோடிகள். லேசான மனத்தாங்கல் இல்லை, நாள்பட்ட கடும் சண்டை. சீட்டுக் குலுக்கியதுபோல் பிரித்து ஒரு பகுதிக்குப் பழைய நடத்தை முறை, மறு பகுதிக்கு ஏற்றுக்கொள்வதையும் சேர்த்த புது முறை. அதிகபட்சம் 26 அமர்வு. சிகிச்சை முடிந்து ஐந்து வருஷத்துக்குப் பிறகு பார்த்தபோது இரண்டு பகுதியிலும் ஏறக்குறையப் பாதி ஜோடிகள் நன்றாகத் தேறியிருந்தார்கள். கால்வாசிக்குக் கொஞ்சம் மேல் பிரிந்திருந்தார்கள். மீதிப் பேர் பெரிய மாற்றமில்லாமல் சேர்ந்தே இருந்தார்கள். பாதி என்பது குறைவாகத் தெரிந்தால், அவர்கள் எந்த நிலைமையில் வந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அண்ணாச்சிக்கு ஒரு தாக்கல். அந்தப் பழைய முறையை 1969இல் ரிச்சர்ட் ஸ்டூவர்ட் எழுதியபோது அது கிட்டத்தட்ட உங்கள் சபைதான். நீ இதைச் செய், பதிலுக்கு நான் அதைச் செய்கிறேன் என்று கொடுக்கல் வாங்கல் ஒப்பந்தம். பலன் சீக்கிரம் தெரிந்தது, ஆனால் பல ஜோடிகளிடம் நிலைக்கவில்லை. அந்த முறையை வளர்த்த ஜேக்கப்சனே அதைப் பார்த்துவிட்டுத்தான், மாறாத குணத்தை என்ன செய்வது என்ற கேள்விக்குப் போனார். சிக்கனக்காரர் செலவாளி ஆக மாட்டார். அதை எதிரியின் சூழ்ச்சியாகப் பார்க்காமல், இரண்டு பேரும் ஒரே பக்கம் உட்கார்ந்து எதிரே வைத்துப் பார்க்கிற ஒரு தொல்லையாக மாற்ற முடியுமா என்பதுதான் புது முறை. காட்மன் கணக்கிலும் தம்பதிச் சண்டைகளில் 69 சதவீதம் தீராத வகைதான்.

பேட்டை அண்ணாச்சி:

அப்போ 1969க்கு முந்தியே நாங்கள் அமெரிக்காக்காரனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்கிறேன். இரண்டு பேரும் ஒரே பக்கம் உட்காருவது என்ற பேச்சு மட்டும் எங்கள் சபையில் கிடையாது, அதை ஒத்துக்கொள்கிறேன். நாங்கள் எதிரெதிரே பாய் விரித்துத்தான் உட்காரவைப்போம்.

மேலப்பாளையம் வாசி:

எங்கள் பக்கத்தில் ஜமாஅத் இருக்கிறது. குர்ஆனில் நிஸா அத்தியாயம் 35ஆம் வசனமே, பிளவு வரும் என்று அஞ்சினால் அவன் குடும்பத்தில் ஒரு நடுவர், அவள் குடும்பத்தில் ஒரு நடுவர் வையுங்கள் என்கிறது. இரண்டு பேரும் சமாதானத்தை விரும்பினால் என்று அங்கேயே ஒரு நிபந்தனையும் இருக்கிறது. நடைமுறையில் என்ன ஆகிறது? ஆபீஸில் மனு கொடுத்த அன்றே தெரு முழுக்கச் செய்தி. அப்புறம் வெட்கத்துக்காகவே இரண்டு பேரும் விறைத்துக்கொள்கிறார்கள். ரகசியம் காக்கப்படும் என்பதற்காகவே நான் கவுன்சிலிங் பக்கம். கத்தோலிக்க நண்பர்களுக்குக் கல்யாணத்துக்கு முன்பே பங்குக் கோயிலில் தயாரிப்பு வகுப்பு இருக்கிறது. எல்லாரும் அப்படி முன்கூட்டியே செய்தால் பாதிப் பஞ்சாயத்து குறையும் என்று தோன்றுகிறது.

முக்கூடல்:

நான் கேட்பது என் அக்காவுக்காக. பீடி சுற்றித்தான் குடும்பம் ஓடுகிறது. அவர் அடிக்கிறார். பெரியவர்கள் பேசிப் பேசித் திருப்பி அனுப்புகிறார்கள், வந்து கொஞ்ச நாளில் மறுபடி. இப்போது "கவுன்சிலிங் கூட்டிட்டுப் போங்க" என்கிறார்கள். போகலாமா?

மனநலம் பாளை:

அவரோடு சேர்ந்து போக வேண்டாம். இதில் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை.

ஜோடியாக உட்காரவைக்கும்போது மனதில் இருப்பதை வெளிப்படையாகச் சொல்லச் சொல்கிறோம். அங்கே உண்மையைச் சொன்னதற்கு வீட்டில் போய் அடி விழும் என்றால் எங்கள் அறையே ஆபத்து. தனித்தனியாகப் பார்ப்பதற்கு முக்கியமான காரணமும் இதுதான். அவரைப் பார்த்துப் பயமா, அடித்தது உண்டா, போன், பணம், போக்குவரத்தை அவர் கட்டுப்படுத்துகிறாரா என்று தனியாகத்தான் கேட்க முடியும். இது சுழலும் இல்லை, துரத்தி விலகுவதும் இல்லை. அடிக்கிறவரின் பொறுப்பை இரண்டாகப் பிரித்து அக்காவின் தலையில் பாதி வைக்கக் கூடாது. அக்கா தனியாக யாரையாவது பார்க்கட்டும். 181 பெண்கள் உதவி எண் எந்த நேரமும் இருக்கிறது.

கருப்புக் கோட்டு:

வக்கீலாகச் சேர்க்கிறேன். 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் உண்டு. அவரிடம் சொன்னால் சம்பவ அறிக்கை பதிவாகும். வீடு யார் பெயரில் இருந்தாலும் அக்காவுக்கு அங்கே குடியிருக்கும் உரிமை இருக்கிறது. பாதுகாப்பு உத்தரவு, பராமரிப்புத் தொகை எல்லாம் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் கேட்கலாம். விவாகரத்து கேட்டால்தான் இதெல்லாம் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பொதுவாக எல்லாருக்கும் ஒன்று. குடும்பநல நீதிமன்றத்தில் நடக்கும் கவுன்சிலிங்கும் மேடம் சொல்வதும் ஒன்றல்ல. 1984ஆம் ஆண்டு சட்டத்தின் 9ஆம் பிரிவு, வழக்கு வந்தால் முதலில் சமரசத்துக்கு முயல வேண்டும் என்று நீதிமன்றத்துக்குக் கடமை விதிக்கிறது. அதனால் ஆலோசகரிடம் அனுப்புகிறார்கள். அங்கே போகும்போது இரண்டு பேரும் ஏற்கெனவே மனு, எதிர்மனு என்று ஒருத்தரை ஒருத்தர் எழுத்தில் கிழித்து முடித்திருப்பார்கள். கேட்கப்படுவது சேர்ந்து வாழ்கிறீர்களா, பிரிகிறீர்களா, குழந்தை யாரிடம் என்பது. மகளிர் காவல் நிலையத்தில் நடப்பதும் பேச்சுவார்த்தைதான். பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில் ஒரு வருஷம் பிரிந்திருக்க வேண்டும், மனு போட்ட பின் ஆறு மாதம் பொறுக்க வேண்டும். அந்த ஆறு மாதம் கட்டாயமில்லை, தக்க காரணம் இருந்தால் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சேர்வதற்கு ஆசை இருக்கிறவர்கள் எங்கள் ஆபீஸ் படியேறுவதற்கு முன்னால் மேடம் மாதிரி ஆளிடம் போங்கள். எனக்கு வருமானம் போனாலும் பரவாயில்லை.

திசையன்விளை துபாய்:

நான் துபாயில், வீட்டுக்காரி ஊரில். சண்டை எல்லாம் வாட்ஸ்அப்பில். நீல டிக் வந்தும் பதில் இல்லை என்பதிலேயே ஒரு வாரம் போய்விடும். வீடியோ காலில் கவுன்சிலிங் நடக்குமா? அவள் பேசினால் பக்கத்தில் என் அம்மா இருப்பாள், அதுதான் சிக்கல்.

மனநலம் பாளை:

நடக்கும். மூன்று பேரும் தனித்தனி போனில் வரலாம். அவர் அந்த நேரம் பிறந்த வீட்டிலோ தோழி வீட்டிலோ இருக்க ஏற்பாடு செய்யுங்கள். இயர்போன் கட்டாயம். வெள்ளிக்கிழமைச் சண்டை, சம்பளத் தேதிச் சண்டை என்று தூரத்துச் சண்டைக்கு ஒரு கால அட்டவணையே இருக்கும், அதை எழுதிக்கொண்டு வாருங்கள். எழுத்தில் சண்டை போடுவதை மட்டும் இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். குரல் இல்லாத வரியைப் படிக்கிறவர் தன் கோபத்தைக் கலந்துதான் படிப்பார்.

அம்மா பேச்சு வந்துவிட்டதால் இதையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் நம் பக்கத்தில் பாதி வழக்கு இதுதான். மர்ரே போவன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், இரண்டு பேருக்குள் இறுக்கம் கூடினால் மூன்றாவது ஆளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள் என்றார். மனைவியோடு பேச முடியாதவன் அம்மாவிடம் சொல்வான். அம்மா மருமகளிடம் முகம் காட்டுவாள். மருமகள் தன் அம்மாவிடம் சொல்வாள். அப்புறம் இரண்டு சம்பந்திகள் பேச்சை நிறுத்துவார்கள். முதலில் இருந்த இரண்டு பேருடைய விஷயம் அப்படியே கிடக்கும். போவன் வழி வந்தவர்கள் மூன்று தலைமுறைக் குடும்ப வரைபடம் வரைவார்கள். நான் வரையும்போது தாளில் கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடும். அத்தைதான் மாமியார், மாமன்தான் மாமனார், கொழுந்தனுக்கு என் சித்தி மகளைக் கொடுத்திருக்கிறது என்று ஒவ்வொருவரும் இரண்டு முறையில் சொந்தம். முதலில் எழுதிய தங்கச்சிக்கு அதனால்தான் கூடுதல் பாரம். மாமியாரைப் பற்றிக் குறை சொன்னால் தன்னைத் தூக்கி வளர்த்த அத்தையைச் சொன்னதாகிறது, அப்பாவுக்கும் அது குத்துகிறது.

இந்த இடத்தில் மேல்நாட்டு முறையை அப்படியே எடுத்தால் கெடும். கணவன் மனைவி இரண்டு பேர் மட்டும் முடிவெடுக்கட்டும், மற்றவர்களுக்கு எல்லைக்கோடு போடட்டும் என்பார்கள். மகன் அம்மாவுக்குப் பணம் கொடுப்பது இங்கே கடமை. அதை நிறுத்தச் சொல்லும் ஆலோசகரிடம் அந்தக் கணவர் அடுத்த தடவை வர மாட்டார். கொடுப்பதில் பெரும்பாலும் சண்டை இல்லை, மறைத்துக் கொடுப்பதில்தான். மாதம் இவ்வளவு அம்மாவுக்கு என்று இரண்டு பேரும் பேசி வெளிப்படையாக ஒதுக்கிவிட்டால் அதில் பாதிச் சூடு போய்விடும். இன்னொன்று, அம்மாவிடம் சொல்ல வேண்டியதை மகனே சொல்ல வேண்டும். "அவ வேண்டாங்கா" என்று மனைவி தலையில் போடக் கூடாது. அதை அறையில் ஒத்திகையே பார்ப்போம். நான் அம்மாவாக நடிப்பேன். பெரிய பெரிய மீசைக்காரர்கள் அந்த இடத்தில் தடுமாறுவார்கள்.

வள்ளியூரான்:

மேடம், குடிக்கிறவர் வந்தால்? சொந்தக்காரர் ஒருவருக்காகக் கேட்கிறேன்.

மனநலம் பாளை:

குடிக்கு முதலில் வைத்தியம், மனநல மருத்துவரிடம். கூடவே தம்பதிகளுக்கென்று டிமதி ஓ'ஃபாரெல் குழு செய்த ஒரு முறை உண்டு. தினமும் ஒரு நேரம் வைத்து அவர் "இன்னைக்குக் குடிக்க மாட்டேன்" என்பார், மனைவி அதற்கு நன்றி சொல்வார், டாக்டர் எழுதிய மாத்திரை இருந்தால் அதை மனைவி முன்னால் போட்டுக்கொள்வார். பழைய குடிக் கதையை அந்த இரண்டு பேரும் வீட்டில் எடுப்பதில்லை, அதை அமர்வில் மட்டும் பேசுவது. கேட்கச் சின்ன விஷயம். தினமும் சந்தேகப்பட்டுச் சட்டையை மோந்து பார்க்கும் வேலை அதனால் நின்றுவிடும். அடி இருந்தால் மேலே முக்கூடல் தங்கச்சிக்குச் சொன்னதுதான்.

கேள்விக்குறி:

யாரிடம் போவது என்பதையும் சொல்லிவிடுங்கள். ஜங்ஷனில் திரும்பிய பக்கமெல்லாம் ஃபேமிலி கவுன்சிலர் பலகை.

மனநலம் பாளை:

கவுன்சிலர் என்று பலகை மாட்ட நம் நாட்டில் நடைமுறையில் யாரும் உரிமம் கேட்பதில்லை, அதுதான் தொல்லை. மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு இருக்க வேண்டும், பதிவு எண்ணைத் தயங்காமல் கேட்கலாம். மனநல மருத்துவர், மனநலச் சமூகப்பணியாளர் ஆகியோரும் பார்ப்பார்கள். படிப்பு இருந்தாலும் தம்பதிகளைப் பார்க்கப் பயிற்சி உண்டா என்று தனியாகக் கேளுங்கள். தனிநபரைப் பார்த்துப் பழகியவர் சீக்கிரம் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவார். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கட்டணம் இல்லை. முதலில் போனில் பேசிப் பார்க்க வேண்டுமென்றால் 14416, அரசின் டெலிமானஸ் எண், தமிழில் பேசலாம். முதல் சந்திப்பிலேயே "சேர்ந்து வாழுங்க" என்றோ "விட்டுருங்க" என்றோ சொல்கிறவரிடம் இரண்டாம் தடவை போகாதீர்கள்.

நதிக்கரை வீடு:

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அவரிடம் மெதுவாகத் தொடங்கினேன். மாடிக்குப் போகவில்லை, அவ்வளவுதான், பெரிதாக ஒன்றும் பேசிவிடவில்லை. கவுன்சிலிங் என்றதும் "நான் என்ன கோட்டியா?" என்றார். அப்புறம் சாப்பிட்டுவிட்டு, "அம்பாசமுத்திரத்துல எல்லாம் வேண்டாம், தெரிஞ்சவன் பார்ப்பான்" என்றார். வரவே மாட்டார் என்றால் நான் மட்டும் வந்து பிரயோஜனம் உண்டா?

மனநலம் பாளை:

உண்டு. சுழலில் ஒருத்தர் அடி மாற்றினால் மற்றவரும் அதே இடத்தில் நிற்க முடியாது. பின்னால் போகாமல் இருப்பது உங்கள் கையில் இருக்கும் ஒரு அடி. ஒருத்தர் சேர நினைத்து மற்றவர் விலக நினைக்கும் ஜோடிகளுக்கு வில்லியம் டோஹர்ட்டி ஏற்படுத்திய குறுகிய முறை ஒன்று இருக்கிறது, ஒன்று முதல் ஐந்து அமர்வுக்குள் முடியும், என்ன செய்வது என்று தெளிவு காண்பதற்கு மட்டும். உங்களுக்கு அது தேவைப்படாது என்று நினைக்கிறேன். தெரிஞ்சவன் பார்ப்பான் என்று இடத்தைப் பற்றிப் பேசுகிற ஆள் வருவதைப் பற்றி யோசிக்கிறார். "உங்களைத் திருத்தக் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிடாதீர்கள். "எனக்கு உங்ககிட்ட எப்படிப் பேசணும்னு தெரியல, கத்துக்கலாம்னு பார்க்கேன், கூட வாங்க" என்று கேட்டுப் பாருங்கள்.

பேட்டை அண்ணாச்சி:

தங்கச்சி, மேடமிடம் சனிக்கிழமைக்கு நேரம் வாங்கு. பாளையங்கோட்டைக்கு ஒரு சோலி இருக்கு என்று வீட்டில் சொல்லிக்கொள்ளலாம். வளையல் விவகாரத்துக்கு மட்டும் தேவைப்பட்டால் சொல்லு, அதற்கு நான் வந்து உட்காருகிறேன்.

நதிக்கரை வீடு:

சரி அண்ணாச்சி. மேடம், கடைசியாக ஒன்று. பையனை விட்டுவிட்டு வர ஆள் இல்லை. கூட்டிக்கொண்டு வரலாமா?

மனநலம் பாளை:

முதல் தடவை வேண்டாம். அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தாலும் அவன் காது இங்கேதான் இருக்கும், உங்கள் இரண்டு பேர் கவனமும் அவனிடம்தான் இருக்கும். அத்தையிடமே விட்டுவிட்டு வாருங்கள். எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது என்பதை மட்டும் நீங்கள் இரண்டு பேரும் முன்கூட்டியே பேசி ஒரே பதிலாக வைத்துக்கொள்ளுங்கள்.